அடை வைக்கும் முன்பே

காங்கயம்

அன்புள்ள தேவிக்கு,

கடிதம் கிடைத்தது. நீ கோழி வளர்க்க ஆரம்பித்து ஒரு வருசம்கூட ஆகவில்லை, அதற்குள் ஆளுக்கொன்று சொல்லி உன்னைக் குழப்பிவிட்டார்கள் போலிருக்கிறது. கிளிமூக்குச் சேவல் வளர்க்கும் எதிர்வீட்டு அண்ணன், "இதெல்லாம் கிராஸ், அறுத்துக் குழம்பு வை" என்கிறார். உன் மாமியார், வாசலில் வளர்ந்த உயிரைக் கையால் கொல்லக் கூடாது என்கிறார். மாப்பிள்ளை, சண்டை போடும் சேவல்களையும் சோர்ந்து நிற்கும் அந்தப் பெட்டையையும் சேர்த்துச் சந்தையில் தள்ளிவிடலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்று எழுதியிருக்கிறாய்.

எந்தக் கோழியை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்பதைச் சேவல்கள் கொத்திக்கொள்ளும்போது உட்கார்ந்து யோசிக்கக் கூடாது கண்ணு. அடைக்கு முட்டை எடுக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். பத்து முட்டை வைத்து எட்டுக் குஞ்சு பொரித்தால் ஏறக்குறைய பாதி சேவலாகத்தான் இருக்கும். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். மற்றவை வளர்ந்ததும் ஒன்றையொன்று கிழிக்கும், பெட்டைகளை ஓயாமல் மிதிக்கும். உன் பெட்டைகளைப் பிடித்து முதுகைப் பார். இறகு உதிர்ந்து தோல் தெரிந்தால், இறக்கைக்கடியில் நகம் கீறிய காயம் இருந்தால், சேவல் அதிகம் என்று அர்த்தம். ஒன்றையும் கழிக்கமாட்டேன் என்று எல்லாச் சேவலையும் வைத்துக்கொண்டால் அந்தக் கருணைக்கு விலை கொடுப்பவை பெட்டைகள்தான்.

உன் மாமியார் சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கொல்ல மனம் வராத வீட்டில் கோழி வளர்க்கவே கூடாது என்பதும் இல்லை. ஆனால் அதற்கு ஒரே ஒரு நேர்மையான வழிதான் உண்டு: குஞ்சு பொரிக்க விடாதே. தினம் முட்டையை எடுத்துவிடு. அடைப்பட்ட கோழியை அடியில் காற்று புகும் கம்பிக் கூண்டில் தீனி தண்ணீரோடு சில நாள் வைத்தால் அடை கலைந்துவிடும். இருக்கிற கோழிகள் வயசாகித் தானாகப் போகட்டும். அப்படி வளர்ப்பவர்களை எனக்குத் தெரியும், அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. குஞ்சும் வேண்டும், எதையும் கழிக்கவும் கூடாது என்பதுதான் நடக்காத காரியம். கடை முட்டையிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. முட்டைக்கோழி இனத்தில் பொரிக்கும் ஆண் குஞ்சு முட்டையும் இடாது, கறிக்கும் தேறாது என்பதால் பெரும்பாலான நாடுகளில் பொரித்த அன்றே அழித்துவிடுகிறார்கள். ஜெர்மனி 2022இல்தான் அதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. நம் ஊரில் பள்ளிக்கூட வாசலில் பச்சை, ரோஸ் சாயம் பூசி விற்கிறார்களே, அவற்றில் பெரும்பாலானவை அந்த ஆண் குஞ்சுகள்தான்.

மாப்பிள்ளை சொன்னதுதான் மூன்றிலும் எனக்கு மனசு ஒப்பாதது. நல்ல ஆரோக்கியமான சேவலைக் கறிக்கு என்று சொல்லி விற்பதில் தப்பே இல்லை. சோர்ந்து நிற்கும் பெட்டையைச் சந்தைக்குக் கொண்டுபோகாதே. நீ எழுதியதைப் படித்தால் மூக்கில் நீர், மூச்சில் கறகறப்பு, கண் வீக்கம் என்று சளி நோய் மாதிரி இருக்கிறது. அதில் ஒரு வகைக் கிருமி, கோழி தேறிவிட்ட மாதிரி தெரிந்த பிறகும் உடம்பைவிட்டுப் போகாது. கூட இருக்கிற கோழிக்கும் ஒட்டும், முட்டை வழியாகக் குஞ்சுக்கும் இறங்கும். வெள்ளைக்கழிச்சல் இன்னும் மோசம், தடுப்பூசி போடாத வளவில் புகுந்தால் சில நாளில் கூண்டே காலியாகும். சந்தையில் அந்தக் கோழியை வாங்குவது வசதி படைத்த பண்ணைக்காரர் இல்லை. நாலு கோழியை வைத்து முட்டை விற்றுப் பிள்ளைக்கு நோட்டு வாங்கும் யாரோ ஒரு பெண் வாங்குவாள். அவள் வீட்டுக் கோழிகள் விழுந்தால் அது யார் செய்த வேலை? நம்மால் செய்ய முடியாத காரியத்தை முகம் தெரியாத ஒருத்தி தலையில் கட்டி, அதற்குக் காசும் வாங்குவது பாவம். முதலில் அந்தப் பெட்டையைத் தனியே பிரித்துக் கால்நடை மருந்தகத்தில் காட்டு. தேறாது என்றால் உன் வீட்டிலேயே முடித்துவிடு. நோய்க்கோழியைச் சமைக்காதே, கிணற்றிலிருந்து தள்ளி ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதை.

நோய் வந்ததெல்லாம் கழிக்க வேண்டியதும் இல்லை. கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளமாக வரும் அம்மை, வாய்க்குள் இறங்காமல் இருந்தால் பெரும்பாலும் ஆறிவிடும். அலகு கோணலாகப் பிறந்த குஞ்சு, தீனியை ஆழமான தட்டில் வைத்தால் பிழைத்துக்கொள்ளும். அதை வளர்க்கலாம், ஆனால் அதன் முட்டையை அடைக்கு வைக்காதே. வம்சத்திலிருந்து விலக்குவதற்காக உயிரை எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இதை எதிர்வீட்டு அண்ணனும் யோசிக்கலாம்.

முட்டை நின்றுபோச்சு என்று சந்தேகமாக இருந்தால் கண்ணால் பார்த்து முடிவு கட்டாதே, கையால் பார். ராத்திரி கூண்டில் அடைந்த பிறகு கோழியை மெதுவாகத் தூக்கி இடது கக்கத்தில் அணைத்துக்கொள். வால் பக்கம், முட்டை வரும் துவாரத்துக்கு இரண்டு பக்கமும் மெல்லிய எலும்பு முனை இரண்டு தட்டுப்படும். அவற்றுக்கு நடுவே இரண்டு மூன்று விரல் தாராளமாக நுழைந்து, துவாரம் ஈரமாக விரிந்திருந்தால் அது முட்டையிடுகிற கோழி. ஒரு விரல்கூட நுழையாமல் இடுக்கமாக இருந்து, துவாரம் உலர்ந்து சுருங்கி, கொண்டையும் வெளிறிக் கிடந்தால் இப்போதைக்கு முட்டை இல்லை. இப்போதைக்குத்தான். இறகு உதிர்க்கும் காலத்திலும் அடைக்காலத்திலும் எல்லாக் கோழியும் நிறுத்தும். மறுபடி ஒரு மாதம் கழித்துப் பார். முட்டை குறைந்த கிழட்டுக் கோழி நல்ல அடைக்கோழியாக இருந்தால் அதை விடவே விடாதே, பருந்து நிழல் கண்டதும் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுக்கத் தெரிந்த தாய்க்கு ஈடாக எந்த மின்சாரப் பொரிப்பானும் இல்லை.

இனி கலப்பு விசயம். அண்ணன் வேலை வேறு. திண்டுக்கல் பக்கம் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறவர் அவர், அலகு கிளி மாதிரி வளையணும், வால் விசிறியாக விரியணும். அந்த வடிவம் ஒரு தலைமுறை கவனம் தப்பினாலும் கலைந்துபோகும், அதனால் அவர் கறாராகக் கழிக்கத்தான் வேண்டும். பழைய வம்சங்களைக் காப்பாற்றி வைத்திருப்பது அவரைப் போன்றவர்கள்தான், அந்த உழைப்பை மதி. ஆனால் உன் வாசலுக்கு அவருடைய அளவுகோல் எதற்கு? சுத்த ரத்தம் என்று பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். வீட்டுக்கோழிக்கு மூதாதை செங்காட்டுக்கோழி என்பார்கள், ஆனால் வீட்டுக்கோழியின் மஞ்சள் காலுக்கான மரபணு, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கத்தித் திரியும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவர் முகம் சுளிக்கும் பிராய்லருக்கும், அவருடைய கிளிமூக்கு சேர்ந்த அசில் இனத்து ரத்தம் உண்டு. இங்கிலாந்துக்குப் போன நம் அசிலைக் கலந்து கார்னிஷ் என்ற இனத்தை உண்டாக்கினார்கள், பிராய்லரின் தகப்பன் வழி அந்த கார்னிஷ்தான்.

ஆனாலும் கண்டபடி கலக்க விடாதே என்றுதான் நானும் சொல்வேன், காரணம் வேறு. ஐதராபாத் ஆராய்ச்சி நிலையத்து வனராஜாவும் கிராமப்பிரியாவும் நாட்டுக்கோழியைவிட அதிகம் முட்டையிடும். நாட்டுக்கோழி வருசத்துக்கு அறுபது எண்பது இட்டால் பெரிது, வனராஜா நூறைத் தாண்டும். ஆனால் அவையே கலப்பில் வந்தவை. அவற்றின் முட்டையைப் பொரித்தால் குஞ்சு தாய் மாதிரி வராது, ஒன்று இப்படியும் ஒன்று அப்படியுமாகச் சிதறும். அந்த ரத்தம் ஏற ஏற அடைப்படும் குணமும் குறையும். நாலைந்து வருசத்தில் வாசலில் ஒரு கோழிகூட அடைக்கு உட்காராது, குஞ்சுக்குக் காசு கொடுத்துக்கொண்டே இருப்பாய். அதனால் முட்டைக்கு அவற்றில் கொஞ்சம் வைத்துக்கொள், பொரிக்க நாட்டுக்கோழியில் சிறுவிடைப் பெட்டையும் சிறுவிடைச் சேவலும் தனியாக வை. ஒன்று ஞாபகம் வை: சேவலைப் பிரித்த மறுநாளே முட்டை சுத்தமாகிவிடாது. பழைய சேவலின் விந்து பெட்டை உடம்பில் இரண்டு வாரம் வரை, சில சமயம் அதற்கு மேலும் தங்கும். மூன்று வாரம் விட்டுத்தான் அடைக்கு முட்டை சேர்க்க வேண்டும்.

விற்கும்போது கலப்பைக் கலப்பு என்றே சொல்லி விற்றுவிடு. 2018இல் ஜாபுவா கடக்நாத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, கறுப்பாக இருக்கிற குஞ்சையெல்லாம் அந்தப் பேரில் தலையில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நீ அந்த வரிசையில் சேராதே.

அறுப்பதென்றால் ராத்திரி கூண்டிலிருந்து அலறவிடாமல் எடுத்துத் தனியே வை, தண்ணீர் மட்டும் கொடு. விடியலில் மற்றக் கோழிகள் கண்ணில் படாத இடத்தில், நன்றாகத் தீட்டிய கத்தியால் ஒரே இழுப்பில் முடிய வேண்டும். உன்னால் ஆகாதென்றால் பழகின கை ஒன்றைக் கூப்பிடு, அரைகுறையாகச் செய்யாதே. பாப்பாவிடம் சேவல் பறந்துபோச்சு என்று சொல்லாதே. அவளுக்கு ஏழு வயசாகிறது, உண்மையைச் சொன்னால் அழுவாள், அழட்டும். பேர் வைத்த சேவல் ஒன்றை அவளுக்காக விட்டுவிடு, அதுவே வம்சத்துச் சேவலாக இருக்கட்டும்.

இப்போது அடையில் இருக்கிற முட்டையை ஏழாம் நாள் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் பார், நரம்பு ஓடாததை எடுத்துவிடு. வெள்ளைக்கழிச்சலுக்குப் பொரித்த ஏழாம் நாள் கண்ணில் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. மருந்தகத்தில் எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று மாப்பிள்ளையை இந்த வாரமே கேட்டு வரச் சொல். பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் முகாம் ஊருக்கே வரும், ஆனால் அதுவரை காத்திருக்காதே.

அன்புடன்,
அத்தை