நம்ம மக்காச்சோளம், நம்ம சுண்ணாம்பு: வீட்டிலேயே மெக்சிகோ டாக்கோ

சங்கரன்கோவில், குருவிகுளம், திருவேங்கடம் பக்கத்துக் கரிசல்ல புரட்டாசியில மக்காச்சோளம் விதைக்கிறோம்; தை, மாசியில அறுக்கிறோம். களத்துல இருந்தே மூட்டை கோழித்தீவன வியாபாரிக்குப் போயிடுது. சாயங்காலம் பிள்ளைகளுக்கு மைதா பரோட்டா பார்சல் வருது. விளைவிச்சவன் வீட்டு அடுப்புக்கு அந்தத் தானியம் வர்றதே இல்லை. "அது கோழிக்குத்தானே" என்கிறோம்.

மக்காச்சோளத்தின் தாய்நாடான மெக்சிகோவில் அதுதான் அன்றாட உணவு. அதில் சுடும் மெல்லிய ரொட்டி டோர்ட்டியா. அதை மடித்து உள்ளே பயறோ கறியோ வைத்தால் டாக்கோ. தொட்டுக்கொள்ளும் துவையல் சல்சா. தக்காளியும் மிளகாயும்கூட அந்த அமெரிக்க மண்ணில் இருந்து நமக்கு வந்தவைதான்.

சுண்ணாம்பின் சூட்சுமம்

மக்காச்சோளத்தை வெறுமனே அரைத்தால் ரொட்டி உடையும். சத்திலும் குறை உண்டு. அதிலுள்ள நியாசின் என்ற பி3 வைட்டமின் கட்டுண்டு கிடக்கும். உடம்பு எடுத்துக்கொள்ள முடியாது. சுண்ணாம்பு நீரில் வேகவைத்தால் அந்தக் கட்டு அவிழும், கால்சியமும் சேரும். மெக்சிகோவின் பழங்குடிகள் பல ஆயிரம் ஆண்டுகளாகச் செய்துவரும் முறை இது. இப்படிப் பதப்படுத்திய சோளத்துக்கு அவர்கள் வைத்த பெயர் நிஷ்டமல்.

ஐரோப்பியர்கள் விதையைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். வெறும் மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குத் தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி கலங்கும் பெல்லாக்ரா நோய் வந்தது. ஸ்பெயின் மருத்துவர் காஸ்பர் கசால் 1735-லேயே இதைப் பதிவு செய்தார். விதையோடு அதன் பக்குவமும் சேர்ந்து வரணும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம்.

தானியம் தேர்வு

பூச்சிமருந்து அடிக்காத, நன்கு முற்றி உலர்ந்த, பூஞ்சணம் இல்லாத மணி வேணும். விதை பாக்கெட்டில் மிஞ்சிய சாயம் ஏற்றிய விதையைத் தொடவே கூடாது, அது நஞ்சு. கறுத்த, பச்சை படிந்த மணிகளைப் பொறுக்கி எறிங்க. வேகவைத்தாலும் பூஞ்சண நஞ்சு முழுசாகப் போகாது. இனிப்புச் சோளமும் பொரிசோளமும் இதற்கு ஆகாது.

செய்முறை

மக்காச்சோளம் 1 கிலோ, தண்ணீர் 3 லிட்டர், நீத்த சுண்ணாம்புத் தூள் 10 கிராம். வெற்றிலைக்குப் போடும் ஈரச் சுண்ணாம்பு என்றால் 20 கிராம். வாசனையோ நிறமோ கலக்காததாக இருக்கணும். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு வேண்டாம்.

எவர்சில்வர் பாத்திரத்தில் செய்யுங்க. அலுமினியம் கூடாது, சுண்ணாம்பு அதை அரிக்கும். சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, சோளத்தைப் போட்டு, சிறு தீயில் 45 நிமிடம் வேகவிடுங்க. ஒரு மணியை விரலால் தேய்த்தால் தோல் வழுக்கி வரணும். கடித்தால் நடுவில் கொஞ்சம் வேகாமல் இருக்கணும். அதுதான் பதம். நம்ம ஊர் மணி கெட்டி என்பதால் இன்னும் 15 நிமிடம் ஆனாலும் ஆகும். இறக்கி, மூடி, ராத்திரி முழுக்க ஊறட்டும்.

காலையில் மூன்று தண்ணீர் விட்டுக் கசக்கி அலசுங்க. கழுவிய காரத் தண்ணீரை வயலில் ஊற்றாதீங்க; நம்ம கரிசல் ஏற்கனவே காரமண். குப்பைக்குழியில் பரவலாக ஊற்றலாம்.

கிரைண்டரில் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கெட்டியாக அரையுங்க. தண்ணீர் கூடினால் மாவு இளகிவிடும். மெக்சிகோவிலும் பழைய முறை அம்மி மாதிரிக் கல்லும் குழவியும்தான். உப்புச் சேர்த்துப் பிசைந்து, எலுமிச்சை அளவு உருண்டையை இரண்டு வாழையிலைத் துண்டுகளுக்கு நடுவே வைத்துத் தட்டினால் வட்டமாக வரும். ஓரம் வெடித்தால் மாவில் ஈரம் போதவில்லை. இலையில் ஒட்டினால் ஈரம் அதிகம்.

நன்கு காய்ந்த தோசைக்கல்லில் எண்ணெய் இல்லாமல் போடுங்க. 20 விநாடியில் திருப்பி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி திருப்பினால் உப்பும். துணியில் சுற்றி வையுங்க, மெத்தென்று இருக்கும்.

சல்சாவும் உள்ளே வைக்கும் பயறும்

நாட்டுத் தக்காளி 4, சின்ன வெங்காயம் 6, பச்சை மிளகாய் 3, பூண்டு 3 பல். எல்லாவற்றையும் கல்லில் கரும்புள்ளி விழச் சுட்டு, உப்பு வைத்து அம்மியில் ஒன்றிரண்டாக நசுக்கி, மல்லித்தழை தூவி, பாதி எலுமிச்சம்பழம் பிழியுங்க. எலுமிச்சைக்குத்தான் பக்கத்திலேயே புளியங்குடி இருக்கே!

உள்ளே வைக்க, வேகவைத்த தட்டைப்பயறை வெங்காயம், சீரகத்தோடு கடலை எண்ணெயில் வதக்கி மசியுங்க. மக்காச்சோளத்தில் குறையும் புரதக்கூறுகளைப் பயறு ஈடுகட்டும். கறி சாப்பிடுபவர்கள் நாட்டுக்கோழி வறுவலைப் பிய்த்து வைக்கலாம்.

காட்டிலும் அதே கூட்டு

மெக்சிகோ உழவர்கள் மக்காச்சோளம், பயறு, பூசணி மூன்றையும் ஒரே நிலத்தில் விதைப்பார்கள், பெயர் மில்பா. பயறு தழைச்சத்தைக் கொடுக்கும். பூசணிக்கொடி மண்ணை மூடிக் களையை அடக்கும். "சோளம் இல்லையேல் நாடு இல்லை" என்று இயக்கம் கட்டிப் போராடினார்கள் அவர்கள். மரபணு மாற்றிய மக்காச்சோளம் பயிரிடுவதற்கு 2025-ல் அரசியல் சாசனத்திலேயே தடை வந்தது.

வரும் புரட்டாசியில் வீட்டுக்கென்று ஐந்து சென்ட் ஒதுக்குங்க. நாட்டு ரகம் கிடைத்தால் வீரிய ரகக் காட்டில் இருந்து 200 மீட்டராவது தள்ளி விதையுங்க. காற்றில் மகரந்தம் கலந்துவிடும். இடம் இல்லையென்றால் மூன்று வாரம் முன்பின் விதைத்தால் பூக்கும் காலம் மாறும். நல்ல கதிர்களின் நடுமணிகளை விதைக்கு எடுத்துவிட்டு, மிச்சத்தை அடுப்புக்கு வையுங்க. வியாபாரி வருவதற்கு முன்னாலேயே நம்ம பங்கை எடுத்துடணும்.