மாற்று மூட்டு: எத்தனை ஆண்டு தாங்கும், எவ்வளவு மடங்கும்?

2000-ஆம் ஆண்டு அக்டோபரில், அன்றைய பிரதமர் வாஜ்பாய் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் இடது முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்டார். அடுத்த ஆண்டு ஜூனில் வலது மூட்டும் மாற்றப்பட்டது. அறுவை சிகிச்சை செய்தவர் நியூயார்க்கிலிருந்து வந்த டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத். இன்றைய செயற்கை மூட்டுகளுக்கெல்லாம் முன்னோடியான மூட்டை 1970-களில் ஜான் இன்சாலுடன் சேர்ந்து வடிவமைத்த குழுவில் இருந்தவர் அவர். பத்திரிகைகளில் நாள்தோறும் வந்த அந்தச் செய்திகள் வழியாகத்தான் 'மூட்டு மாற்று' என்ற சொல் இந்தியாவில் பல வீடுகளுக்குள் முதன்முதலாக நுழைந்தது.

இன்று தெருவுக்கு ஒருவராவது இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர் இருக்கிறார். கூடவே, அதைப் பற்றிய நம்பிக்கைகளும் வாய்வழியாகப் பரவிவிட்டன. வலியோடு காலத்தை ஓட்டுபவர்களைத் தவறான முடிவுக்குத் தள்ளுபவை இவற்றில் பல.

நம்பிக்கை: பத்துப் பதினைந்து வருஷம்தான் வரும், அப்புறம் மறுபடி ஆபரேஷன்.

உண்மை: செயற்கை மூட்டுக்குக் காலாவதித் தேதி கிடையாது. ஆஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் மூட்டுப் பதிவேடுகளை ஆராய்ந்து 'லான்செட்' இதழ் 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. முழு முழங்கால் மூட்டு மாற்றியவர்களில் நூற்றுக்கு 82 பேருக்கு அதே மூட்டு 25 ஆண்டுகள் வரை நிற்கிறது என்பது அதன் கணிப்பு. மூட்டின் ஒரு பாதியை மட்டும் மாற்றியவர்களுக்கு இது 70.

பழைய பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தொடை எலும்பின் நுனியில் உலோக உறை, கீழ்க்கால் எலும்பின் தலையில் உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவே பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் துண்டு. இதுதான் செயற்கை மூட்டு. ஒரு காலத்தில் அந்தப் பிளாஸ்டிக்கைக் காற்றுப்படும் நிலையிலேயே காமா கதிரால் கிருமி நீக்கம் செய்தார்கள். அது நாளடைவில் ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து நொறுங்கியது. 1990-களின் நடுவில் அந்த முறை மாறியது. பிலடெல்பியா மருத்துவர்கள் இரண்டு முறை எடுத்த கணக்கு இந்த மாற்றத்தைக் காட்டுகிறது. 2002-இல் வெளியான கணக்கில், மறு அறுவை சிகிச்சைகளில் 25 சதவீதத்துக்குப் பிளாஸ்டிக் தேய்மானம் காரணமாக இருந்தது. 2014-இல் வெளியானதில் அது 3.5 சதவீதம். அந்த இடத்தை இப்போது எலும்புப் பிடிப்பு தளர்வதும் கிருமித் தொற்றும் பிடித்திருக்கின்றன.

ஆனால் வயது பெரிய வேறுபாட்டைச் செய்கிறது. பிரிட்டனின் மருத்துவப் பதிவுகளைக் கொண்டு 2017-இல் வெளிவந்த ஆய்வின்படி, 70 வயதுக்கு மேல் மூட்டு மாற்றியவர்களுக்கு வாழ்நாளில் மறு அறுவை தேவைப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 5 சதவீதம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிக்கொண்ட ஆண்களுக்கோ அது 35 சதவீதம் வரை போகிறது.

நம்பிக்கை: விலை உயர்ந்த மூட்டு 30 ஆண்டு உத்தரவாதத்தோடு வருகிறது.

உண்மை: ஸ்மித் அண்ட் நெஃப்யூ நிறுவனம் தன் மூட்டு ஒன்றுக்கு '30 ஆண்டு' என்று விளம்பரம் செய்ததுண்டு. அந்த எண் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. நடையைப் போல அசையும் இயந்திரத்தில் மூட்டைப் பொருத்தி 4.5 கோடி சுழற்சிகள் ஓட்டிப் பார்த்தார்கள். தேய்மானத்தை அளக்க அது நல்ல சோதனைதான். ஆனால் இயந்திரத்துக்கு எலும்பு மெலியாது, கிருமி தொற்றாது, சர்க்கரை நோய் வராது. மனித உடலில் மூட்டு தோற்பது பெரும்பாலும் இந்த வழிகளில்தான்.

நம்பிக்கை: 'ஹை ஃப்ளெக்ஸ்' மூட்டு வைத்தால் முழுசாக மடங்கும்.

உண்மை: நடக்க முழங்கால் சுமார் 65 முதல் 70 பாகை மடங்கினால் போதும். நாற்காலியில் உட்கார்ந்து எழ 90-க்கு மேல் வேண்டும். குத்துக்காலிட்டு உட்கார 130-ஐத் தாண்ட வேண்டும். மாற்று மூட்டு பொதுவாக 110 முதல் 125 பாகை வரை மடங்குகிறது. இந்த இடைவெளியை நிரப்பத்தான், தொடை எலும்பின் பின்பக்கத்தில் இன்னும் சில மில்லிமீட்டர் செதுக்கிப் பொருத்தும் ஹை ஃப்ளெக்ஸ் வகை வந்தது.

சியோலில் மருத்துவர் குழு ஒன்று, ஒரே நோயாளியின் ஒரு காலில் வழக்கமான மூட்டையும் மறு காலில் ஹை ஃப்ளெக்ஸையும் பொருத்திப் பார்த்தது. 2005-இல் வெளியான முடிவில், முன்னது சராசரியாக 136 பாகையும் பின்னது 139 பாகையும் மடங்கின. வித்தியாசம் வெறும் மூன்று பாகை. அதே கொரியாவில் 2007-இல் வந்த மற்றோர் ஆய்வு எச்சரிக்கை மணி அடித்தது. அதில் பொருத்தப்பட்ட 72 ஹை ஃப்ளெக்ஸ் மூட்டுகளில் 27 மூட்டுகள் மூன்றாண்டுகூட ஆகாமல் தொடை எலும்பிலிருந்து தளர்ந்திருந்தன. குந்தி, மண்டியிட்டு, சம்மணமிட்டு உட்கார முடிந்தவர்களிடம்தான் இந்தத் தளர்ச்சி அதிகம். இத்தனை மோசமான விளைவு எல்லா ஆய்வுகளிலும் வரவில்லை. முதல் குழு பத்தாண்டுகளுக்கு மேல் கண்காணித்தபோது இரு வகைக்கும் ஆயுளில் வேறுபாடு தெரியவில்லை.

விலையிலும் பெரிய வேறுபாடு இல்லை. 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் விலை நிர்ணய ஆணையம் வரம்பு விதித்தபோது, சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய். ஹை ஃப்ளெக்ஸுக்கு 56,490 ரூபாய். "கூடுதலாகக் கட்டினால் கால் முழுசா மடங்கும்" என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு எண்களையும் நினைவில் கொள்ளலாம்.

அப்படியானால் மடங்குவதைத் தீர்மானிப்பது எது? அறுவைக்கு முன் அந்தக் கால் எவ்வளவு மடங்கியது என்பதே முதன்மையான காரணம். வலிக்குப் பயந்து ஆண்டுக்கணக்கில் நீட்டி வைத்தே விறைத்துப்போன காலுக்கு, எந்த மூட்டை வைத்தாலும் இழந்த மடக்கு முழுதாகத் திரும்புவது கடினம். 'படுக்கையில் விழும்வரை தள்ளிப்போடு' என்ற அறிவுரை இங்கேதான் தீங்காகிறது.

நம்பிக்கை: இனி தரைப் பக்கமே போகக் கூடாது; மண்டியிட்டால் மூட்டு உடைந்துவிடும்.

உண்மை: தொழுகையில் மண்டியிடுபவருக்கும், தேவாலயத்தில் முழங்காலிடுபவருக்கும், தரையில் கோலம் போடுபவருக்கும் இது அன்றாடக் கேள்வி. மெத்தை போட்டு மெதுவாக மண்டியிடுவதால் மூட்டு உடைந்துவிடாது. பலருக்கு வெட்டுத் தழும்பின் வெளிப்பக்கத் தோல் மரத்துப்போயிருக்கும். அங்கே அழுத்தும்போது வரும் விநோத உணர்ச்சியும் பயமும் சேர்ந்தே அவர்களைத் தடுக்கின்றன. சம்மணமிடுவது சிலருக்குச் சில மாதங்களில் இயல்பாகக் கைகூடுகிறது. தவிர்க்க வேண்டியது, முழு உடல் எடையையும் ஆழமாக மடங்கிய முழங்காலில் ஏற்றி நாள்தோறும் குந்தி எழுவது. அந்தக் கோணத்தில் உலோகமும் பிளாஸ்டிக்கும் தொட்டுக்கொள்ளும் பரப்பு சுருங்கி, சிறிய இடத்தில் பெரிய சுமை இறங்குகிறது. அதனால்தான் மருத்துவர்கள் வெஸ்டர்ன் டாய்லெட்டை வலியுறுத்துகிறார்கள்.

சுமை என்றதும் குந்துவது மட்டுமே நினைவுக்கு வருகிறது. பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில் உணர்கருவி பதித்த மூட்டுகளை ஐந்து பேருக்குப் பொருத்தி உள்ளே இறங்கும் விசையை அளந்தார்கள். சமதளத்தில் நடக்கும்போது அது உடல் எடையைப்போல் சராசரியாக 2.6 மடங்கு, படியிறங்கும்போது சுமார் 3.5 மடங்கு. 60 கிலோ எடையுள்ளவர் படியிறங்கும் ஒவ்வொரு அடியிலும் 200 கிலோவுக்கு மேல் மூட்டில் இறங்குகிறது. உடல் எடையில் ஐந்து கிலோ குறைந்தால் ஒவ்வொரு படியிலும் மூட்டுக்கு 17 கிலோ மிச்சம்.

மூட்டு மாற்ற நாள் குறித்திருப்பவர்கள் மூட்டின் பிராண்டை விசாரிப்பதற்கு முன், "இப்போது என் கால் எத்தனை பாகை மடங்குகிறது? என் வயதுக்கும் எடைக்கும் மறு அறுவை வாய்ப்பு எவ்வளவு?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வையுங்கள். பிசியோதெரபியைப் பாதியில் விடாதீர்கள். எத்தனை ஆண்டுகள் ஆனாலும், மாற்றிய மூட்டில் சூடு, சிவப்பு, வீக்கம், புதிதாக வலி என எது வந்தாலும் வீட்டில் தைலம் தடவிக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.