உபாகமம் எந்தக் காலத்து நூல்?

கேள்வி: விவிலியத்தின் உபாகமச் சட்டங்களை மோசேயே எழுதினாரா?

பதில்: மரபு அப்படித்தான் சொல்கிறது. ஆனால், கி.மு. 622 வாக்கில் யோசியா மன்னனின் ஆட்சியில் எருசலேம் ஆலயத்தில் கிடைத்த சுருளையே உபாகமத்தோடு இணைத்து, அது மோசேக்கு நெடுங்காலம் பிந்தியது என்று 1805-இல் ஜெர்மானிய அறிஞர் டி வெட்டே வாதிட்டார். இந்தப் பிந்திய காலத்துக்கு எனக்கு வலுவாகப் படுவது அசீரியச் சான்று. கி.மு. 672-இல் மன்னன் எசரத்தோன் சிற்றரசர்களிடம் வாங்கிய விசுவாசப் பிரமாணத்தின் சாபங்கள் உபாகமம் 28-ஆம் அதிகாரத்தோடு வியக்கும்படி ஒத்துப்போகின்றன. மழை பொய்த்த வானத்தை வெண்கலமாகவும் நிலத்தை இரும்பாகவும் இரண்டுமே காட்டுகின்றன. எகிப்தியல் அறிஞர் கென்னத் கிச்சன் இந்தக் காலக் கணிப்பை ஏற்கவில்லை. உபாகமத்தில் உள்ளது போன்ற வரலாற்று முன்னுரை, அசீரியப் பிரமாணத்தில் இல்லை, அதைவிடப் பழைய ஹிட்டைட் ஒப்பந்தங்களில்தான் உண்டு என்பது அவர் வாதம். அதையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது.