முடித்த வீடியோவைச் சேர வேண்டியவரிடம் சேர்ப்பது எப்படி?



காட்சிகளைக் கணினியில் ஏற்றுவது, வேண்டாததை வெட்டுவது, ஒலியைச் சரிசெய்வது ஆகியவற்றை முந்தைய பாடங்களில் பார்த்தோம். இந்தப் பாடம் கடைசிக் கட்டத்தைப் பற்றியது. எடிட் செய்து முடித்ததை எல்லாருடைய போனிலும் டிவியிலும் ஓடக்கூடிய வீடியோவாக வெளியே எடுத்து, உரியவரிடம் சேர்ப்பதைப் பார்க்கப் போகிறோம். பலரும் சறுக்குவது இங்கேதான். எங்கள் வீட்டிலும் சறுக்கினோம்.

என் தங்கை மகளுக்கு நிக்காஹ். பெண்ணின் அத்தா, என் மச்சான், சபரில் இருந்தார். விடுமுறை கிடைக்கவில்லை. நிக்காஹ்வுக்குச் சற்று முன் போனில் மகளிடம் பேசினார். மகள் அழுதுகொண்டே பதில் சொன்னாள். பக்கத்தில் இருந்த என் மகன் அதைப் படம் பிடித்திருந்தான். பிறகு நான்கு நாள் உட்கார்ந்து, 40 நிமிடப் படமாக எடிட் செய்தான். ‘சேவ்’ கொடுத்து, அந்தக் கோப்பைப் பென் டிரைவில் போட்டு, ஊரிலிருந்து கிளம்பிய ஒருவர் கையில் கொடுத்தனுப்பினோம்.

பத்து நாள் கழித்து மச்சான் போன் செய்தார். “மருமவனே, இதுல ஒண்ணுமே ஓட மாட்டேங்குதே?” என்றார். மகன் கணினியைத் திறந்து பார்த்தான். அனுப்பியது வீடியோவே அல்ல, புராஜெக்ட் கோப்பு. சரி, மீண்டும் எடுத்து அனுப்பலாம் என்றால், காட்சிகள் இருந்த மெமரி கார்டை அதற்குள் அழித்து, பள்ளி விளையாட்டு விழாவைப் பதிவு செய்துவிட்டான். அந்தப் போன் உரையாடல் வேறு யாரிடமும் இல்லை.

அதே இழப்பு இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பாடம்.

1. புராஜெக்ட் வேறு, வீடியோ வேறு

பிரியாணிக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு கறி என்று எழுதிய சீட்டு வேறு, சஹனில் வைத்த சோறு வேறு. புராஜெக்ட் கோப்பு என்பது சீட்டு. எந்தக் காட்சி எங்கே இருக்கிறது, எந்த நொடியில் வெட்ட வேண்டும், எந்த எழுத்து எங்கே வர வேண்டும் என்ற குறிப்புகள் மட்டுமே அதில் இருக்கும். காட்சிகள் அதற்குள் இருக்காது. அதனால்தான் ஒரு மணி நேரப் படத்தின் புராஜெக்ட் கோப்புகூட மிகச் சிறியதாக இருக்கிறது. மூலக் காட்சிகளை அழித்தாலோ இடம் மாற்றினாலோ, மென்பொருள் அவற்றைக் காணவில்லை என்று சொல்லிவிடும்.

சமைத்து முடித்த சோறு வேண்டுமென்றால் ‘எக்ஸ்போர்ட்’ செய்ய வேண்டும். கேடன்லைவ் மென்பொருளில் இதற்கு ‘ரெண்டர்’ என்று பெயர். டாவின்சி ரிசால்வில் ‘டெலிவர்’ என்ற தனிப் பக்கமே உண்டு. பெயர் மாறினாலும் வேலை ஒன்றுதான்.

2. எக்ஸ்போர்ட் செய்யும் முறை

நாம் பழகிவரும் ஷாட்கட் இலவச மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதில் செய்ய வேண்டியவை:

முதலில் புராஜெக்ட்டைச் சேவ் செய்யுங்கள். பிறகு மேலே உள்ள ‘எக்ஸ்போர்ட்’ பொத்தானை அழுத்துங்கள். இடப்பக்கம் ஆயத்த அமைப்புகளின் பட்டியல் வரும். நீங்கள் எதையும் தொடாவிட்டாலும், எங்கும் ஓடக்கூடிய எம்.பி.4 கோப்புக்கான அமைப்பே இருக்கும்.

அடுத்து ‘ஃப்ரம்’ என்ற இடத்தில் ‘டைம்லைன்’ இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ‘சோர்ஸ்’ என்று இருந்தால், முழுப் படத்துக்குப் பதிலாக நீங்கள் கடைசியாகத் திறந்து பார்த்த ஒரே ஒரு காட்சிதான் வெளியே வரும். புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு இது.

இனிக் கீழே உள்ள எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தி, கோப்புக்குப் பெயர் கொடுங்கள். ‘வீடியோ1’, ‘புதுசு’, ‘கடைசி’ என்று வைக்காமல், நிகழ்ச்சியின் பெயரையும் தேதியையும் வையுங்கள். எத்தனை சதவீதம் முடிந்தது என்பது ‘ஜாப்ஸ்’ பகுதியில் தெரியும். பழைய கணினியில் படத்தின் நீளத்தைவிடவும் அதிக நேரம் பிடிக்கலாம். முடியும் வரை கணினியை அணைக்காதீர்கள். மடிக்கணினி என்றால் சார்ஜரில் போட்டுவிடுங்கள்.

எம்.பி.4 என்பது உறை. அதற்குள் படத்தைச் சுருக்கி வைக்கும் முறைதான் எச்.264. இது 2003இல் வந்தது. இன்று புழக்கத்தில் உள்ள போன், டிவி, கணினி ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஓடும். 2013இல் வந்த எச்.265 கோப்பை இன்னும் சிறிதாக்கும், ஆனால் பழைய டிவிகளிலும் கணினிகளிலும் ஓடாமல் போகலாம். பெறுபவரிடம் என்ன கருவி இருக்கிறது என்று தெரியாதபோது எச்.264 தான் பாதுகாப்பு.

3. கோப்பு எவ்வளவு பெரிதாகும்?

இதை முன்கூட்டியே கணக்கிடலாம். ஒரு நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பதை, படம் ஓடும் நொடிகளால் பெருக்கி, 8ஆல் வகுத்தால் மெகாபைட் கிடைக்கும். 8 பிட் சேர்ந்தது 1 பைட் என்பதால்தான் 8ஆல் வகுக்கிறோம்.

40 நிமிடம் என்பது 2400 நொடி. நொடிக்கு 8 மெகாபிட் என்றால் 2400 மெகாபைட், அதாவது 2.4 ஜிபி. நொடிக்கு 5 மெகாபிட் என்றால் 1500 மெகாபைட். ஒலிக்காக இன்னும் கொஞ்சம் கூடும்.

சாதாரண வேகத்தில் எடுத்த 1080பி படத்துக்கு 8 மெகாபிட், 720பி படத்துக்கு 5 மெகாபிட் என்பது யூடியூப் தரும் பரிந்துரை. வீட்டு நிகழ்ச்சிகளுக்கும் இது போதும். ஷாட்கட்டில் ‘அட்வான்ஸ்டு’ பொத்தானை அழுத்தி, ‘கோடெக்’ பகுதியில் சராசரி பிட்ரேட்டைத் தேர்ந்தெடுத்தால் இந்த எண்ணை நீங்களே கொடுக்கலாம். 720பியில் எடுத்த காட்சியை 4கே அளவில் எக்ஸ்போர்ட் செய்வதால் தெளிவு கூடாது, கோப்புதான் பருக்கும்.

4. எந்த வழியில் அனுப்புவது?

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால், அது கோப்பை மறுபடியும் சுருக்கிவிடும். முகங்கள் மங்கிப்போவது அதனால்தான். அதே கோப்பை ‘டாக்குமெண்ட்’ வழியாக அனுப்பினால் சுருங்காமல் அப்படியே போகும். 2 ஜிபி வரை அனுமதி உண்டு. மேலே கணக்கிட்ட 2.4 ஜிபி கோப்பு இதில் போகாது. 1.5 ஜிபி கோப்பு போகும். ஆனால் பெறுபவரின் போனில் அந்த அளவு இடமும் டேட்டாவும் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூகுள் டிரைவில் 15 ஜிபி வரை இலவசம். ஜிமெயிலும் புகைப்படங்களும் அதே இடத்தைத்தான் பங்குபோடும். ஏற்றிய கோப்பு முதலில் உங்களுக்கு மட்டுமே திறக்கும். பெறுபவரின் மின்னஞ்சலைச் சேர்க்காமல் இணைப்பை மட்டும் அனுப்பினால், அவருக்கு அனுமதி கேட்கும் பக்கம்தான் வரும்.

பென் டிரைவ் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். பல பென் டிரைவ்கள் ஃபேட்32 முறையில் அமைந்தவை. அவற்றில் தனிக்கோப்பு ஒன்று 4 ஜிபியைத் தாண்ட முடியாது. காலியிடம் 20 ஜிபி இருந்தாலும் ஏறாது. கோப்பின் அளவைக் குறையுங்கள், அல்லது படத்தை இரண்டு பகுதிகளாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

யூடியூபில் போன் எண்ணைச் சரிபார்க்காத கணக்குக்கு 15 நிமிடம்தான் வரம்பு. சரிபார்த்தால் நீண்ட படங்களையும் ஏற்றலாம்.

5. யார் பார்க்கலாம்?

யூடியூபில் மூன்று நிலைகள் உண்டு. ‘பப்ளிக்’ என்றால் உலகமே பார்க்கலாம். ‘அன்லிஸ்டட்’ என்றால் தேடலில் வராது, ஆனால் இணைப்பு கிடைத்த எவரும் பார்க்கலாம், பிறருக்கும் அனுப்பலாம். ‘பிரைவேட்’ என்றால் நீங்கள் மின்னஞ்சல் கொடுத்து அழைத்தவர் மட்டுமே பார்க்க முடியும். அன்லிஸ்டட் என்பதைப் பூட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அது சாத்தி வைத்த கதவுதான்.

நிக்காஹ், வலீமா படங்களில் பெண்கள் பகுதியில் எடுத்த காட்சிகளும் இருக்கும். வீட்டு நிகழ்ச்சி என்ற நம்பிக்கையில் கேமரா முன் நின்றவர்களின் முகம் நம்மிடம் உள்ள அமானிதம். ஒருமுறை குழுவில் போட்டுவிட்டால், போனவற்றையெல்லாம் திரும்பப் பெற வழியில்லை. ஆகவே எக்ஸ்போர்ட் செய்யும் முன்பே இரண்டு படங்களாகத் திட்டமிடுங்கள். ஒன்று வீட்டாருக்கான முழுப் படம். மற்றது, சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்த காட்சிகள் மட்டும் உள்ள சுருக்கமான படம். புராஜெக்ட்டை வேறு பெயரில் சேவ் செய்து, வேண்டாததை நீக்கி, இன்னொரு முறை எக்ஸ்போர்ட் செய்தால் முடிந்தது.

6. அழிப்பதற்கு முன்

எக்ஸ்போர்ட் ஆன படத்தைத் தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும் ஓட்டிப் பாருங்கள். எடிட் செய்த கணினியில் மட்டும் பார்த்தால் போதாது. வேறொரு போனிலோ டிவியிலோ போட்டுப் பாருங்கள். ஒலி வருகிறதா, படம் பாதியில் நிற்கிறதா என்பது அங்கேதான் தெரியும்.

காட்சிகளை மெமரி கார்டில் வைத்துக்கொண்டே எடிட் செய்யாதீர்கள். முதலில் கணினியில் ஒரு தனி ஃபோல்டரில் நகலெடுங்கள். ஷாட்கட் புராஜெக்ட் கோப்பும் அதே ஃபோல்டரில் இருந்தால், ஃபோல்டரை முழுதாக வேறு கணினிக்கு மாற்றினாலும் திறக்கும். முடிந்த படத்தையும் அதற்குள் போட்டு, வெளி ஹார்டு டிஸ்க்கில் இன்னொரு நகல் எடுத்து, முடிந்தால் அதை வேறு வீட்டில் வையுங்கள்.

பெறுபவர் “பார்த்தேன், முழுதாக ஓடியது” என்று சொல்லும் வரை எதையும் அழிக்காதீர்கள். அவர் சொல்லும்போதுதான் வேலை முடிந்தது என்று பொருள்.

இந்த மாதப் பயிற்சி

போனில் எடுத்த மூன்று காட்சிகளைச் சேர்த்து 2 நிமிடப் படம் ஒன்று செய்யுங்கள். நொடிக்கு 5 மெகாபிட் என்றால் எத்தனை மெகாபைட் வரும் என்று முதலில் தாளில் கணக்கிட்டு, பிறகு 720பியில் எக்ஸ்போர்ட் செய்து ஒப்பிடுங்கள். விடை 75 மெகாபைட்டை ஒட்டி வர வேண்டும். அதை வெளியூரில் இருக்கும் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் வீடியோவாக ஒருமுறை, டாக்குமெண்ட்டாக ஒருமுறை அனுப்பி, வித்தியாசத்தைக் கேளுங்கள்.

என் மகன் உறவினர்களின் போன்களில் இருந்ததையெல்லாம் வாங்கிச் சேர்த்து, 11 நிமிடப் படம் ஒன்று செய்தான். இந்த முறை முறைப்படி எக்ஸ்போர்ட் செய்து, பக்கத்து வீட்டு டிவியில் போட்டுப் பார்த்த பிறகே அனுப்பினான். மச்சான் அதைப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு மருமவனே” என்றார். பிறகு, “நான் பேசினது மட்டும் இல்லியா?” என்று கேட்டார். அவனிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அவரைக் கேட்காமல் ஒரு மெமரி கார்டைக்கூட அழிப்பதில்லை.

உங்கள் வீட்டிலும் சபரில் இருக்கும் ஒருவர் காத்துக்கொண்டிருப்பார். அவர் கைக்கு முழுதாகப் போய்ச் சேரட்டும்.