நாற்பது வயதில் கல்லூரிக்கு முன்

பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் என்.ஐ.ஓ.எஸ். எனும் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் சேரலாம். வயது உச்சவரம்பு இல்லை. ஒரு மொழிப்பாடம் உட்பட ஐந்து பாடங்களில் தேறினால் சான்றிதழ். கணக்கு கட்டாயமில்லை என்பது பலருக்குப் பெரிய நிம்மதி!

பதிவு 5 ஆண்டு செல்லும். அதற்குள் 9 பொதுத்தேர்வு வாய்ப்புகள். வேலை, வீடு என்று ஓடுகிறவர்கள் ஒரு தடவைக்கு இரண்டு பாடம் எழுதினாலே போதும். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இடையே 2 ஆண்டு இடைவெளி தேவை. அதைக் கணக்கில் வைத்துத் தொடங்குங்கள்.

‘பள்ளிச் சான்றே வேண்டாம், நேரே பட்டம்’ என்று ஆசை காட்டுபவர்களிடம் பணம் கட்டாதீர்கள். பத்தும் பன்னிரண்டும் தேறாமல் வாங்கிய திறந்தநிலைப் பட்டம் தமிழக அரசுப் பணிக்குச் செல்லாது.