கப்பல் பயணத்துக்குப் பெட்டி கட்டுகிறவர்களுக்கு

2022 ஜூன் 4-ஆம் தேதி, கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ சொகுசுக் கப்பலைச் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல்வர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். அன்று முதல் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீடுகளில் ஒரு புதுக் கேள்வி வந்துவிட்டது: கப்பலுக்கு என்ன எடுத்துக்கொண்டு போவது? தென்மேற்குப் பருவத்தில் அரபிக்கடல் கொந்தளிக்கும் மாதங்களில்தான் கப்பல் மும்பையை விட்டு நம் கரைக்கு வந்தது. ஆகவே நம்மவர்களின் கப்பல் பயணம் பெரும்பாலும் வெயில் காலத்துப் பயணம். முதல் தடவை போகிறவர்களுக்காக, பெரியவள் என்ற உரிமையில் சில வார்த்தைகள் சொல்கிறேன். துணிமணியில் எவ்வளவு வேண்டுமானாலும் குறையுங்கள். மருந்தில் ஒரு மாத்திரைகூடக் குறைக்காதீர்கள்.

1. மருந்து கைப்பையில்தான் இருக்க வேண்டும். துறைமுகத்தில் பெரிய பெட்டியை அறை எண் எழுதிய அட்டை கட்டி வாங்கிக்கொள்வார்கள். ஸ்கேன் ஆகி, நூற்றுக்கணக்கான பெட்டிகளோடு அது உங்கள் அறை வாசலுக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆகலாம். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் மதியச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய சர்க்கரை மாத்திரையைப் பெட்டியில், மடித்த வேட்டிகளுக்கு அடியில் வைத்துவிட்டார். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரும் தட்டோடு உட்கார்ந்திருக்க, அவர் மனைவி நடைவழியில் வரிசையாக நின்ற பெட்டிகளின் அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி கிடைத்தபோது விளக்கு வைக்கும் நேரம். மூன்று நாள் பயணமென்றால் ஆறு நாள் மாத்திரை எடுங்கள். டாக்டர் சீட்டின் நகல் ஒன்று கூடவே இருக்கட்டும், மருந்தின் மூலப் பெயர் தெளிவாக எழுதியிருக்கட்டும். இன்சுலின் போடுகிறவர்கள் அறையில் குளிர்பெட்டி உண்டா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். மூக்குக் கண்ணாடி மாற்று ஜோடி, காது கேட்கும் கருவியின் பேட்டரி இரண்டும் இதே பையில்.

2. குமட்டலை அலட்சியம் செய்யாதீர்கள். ஜூன், ஜூலையில் வங்காள விரிகுடாவிலும் காற்று உண்டு. பெரிய கப்பலும் மெல்ல அசையும். குமட்டலைத் தடுக்கும் அவோமின் மாத்திரை போடுவதானால் கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டால் அது உள்ளே தங்காது. அது தூக்கம் வரவழைக்கும் மருந்து. கண் நீர் அழுத்தமோ புராஸ்டேட் தொந்தரவோ இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. மயிலாப்பூர் கச்சேரி ரோடு டப்பா செட்டி கடையில் சுக்குப் பொடி வாங்கிக்கொள்ளுங்கள். கொஞ்சம் இஞ்சி மரப்பாவும் பிரிக்காத பாக்கெட்டாக இருக்கட்டும். வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள். அறை எடுக்கும்போதே கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு.

3. தீ உண்டாக்கும் எதுவும் வேண்டாம். கற்பூரம், ஊதுபத்தி, விளக்கு, தீப்பெட்டி, இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் காய்ச்சும் கெட்டில் எதையும் கப்பலில் விடமாட்டார்கள். தினமும் விளக்கேற்றிப் பழகியவர்களுக்கு இது மனசுக்குக் கஷ்டம், எனக்கும் புரிகிறது. ஆனால் இந்தக் கட்டுப்பாட்டின் அருமை சென்னைக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1926-இல் கட்டப்பட்ட ‘ராஜுலா’ கப்பல் நெடுங்காலம் இங்கிருந்து நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நம் மக்களை ஏற்றிச் சென்றது. அதற்குப் பின் அந்த வழியில் ஓடிய ‘எம்.வி. சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வரும் வழியில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தார்கள். நடுக்கடலில் தீயணைப்பு வண்டி வராது. சுவாமி படம் ஒன்றும் ஜபமாலையும் போதும். கிளம்பும் அன்று காலையில் வீட்டிலேயே விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

4. இஸ்திரி போட முடியாது என்பதால் கசங்காத துணியாகப் பாருங்கள். கஞ்சி போட்ட காட்டன் புடவை பெட்டியிலிருந்து எடுக்கும்போதே சுருங்கி நிற்கும். செயற்கை இழை கலந்ததும் கிரேப்பும் பரவாயில்லை. மேல்தளத்துக் காற்று நம் மெரினாக் காற்றைவிடப் பலமாக வீசும். முந்தானையும் துப்பட்டாவும் கையில் நிற்காது. அங்கே போக சல்வாரோ, மடிப்பில் ஊக்குக் குத்திய புடவையோதான் சரி. ஊக்கு ஒரு டஜன் வையுங்கள். காஞ்சிபுரம் பட்டு வேண்டவே வேண்டாம், உப்புக் காற்றில் ஜரிகை கறுத்துவிடும். ஒரு ராத்திரி விருந்துக்கு நல்ல உடை ஒரு செட் போதும். ஆண்களுக்கு இரண்டு பேன்ட், நாலு சட்டை, அவ்வளவுதான்.

5. வெளியே வெயில், உள்ளே ஏ.சி. குளிர். நாடக அரங்கிலும் சாப்பாட்டுக் கூடத்திலும் மூட்டுவலிக்காரர்கள் விறைத்துப்போவார்கள். சால்வை ஒன்று, ஒரு ஜோடி காலுறை. பகலுக்குத் தொப்பியும் சன்ஸ்கிரீனும்.

6. நீச்சல் குளத்தில் இறங்க நைலான் அல்லது லைக்ரா உடைதான் வேண்டும். பனியனோடும் நைட்டியோடும் இறங்க முடியாது. முழுக்கை, முழுக்கால் வைத்த நீச்சல் உடை பாண்டி பஜாரில் கிடைக்கிறது. பெண்கள் கூச்சப்பட்டுக் கரையில் உட்கார்ந்துவிடாமல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதையும் கைப்பையில் வைத்தால் பெட்டி வருவதற்குள் ஒரு முறை குளித்துவிடலாம். காலுக்குப் பின்வார் வைத்த ரப்பர் செருப்பு.

7. அறை சிறியது. இரண்டு பேருக்கு நடுத்தரப் பெட்டி ஒன்றோ இரண்டோ போதும். அவை கட்டிலுக்கடியில் போக வேண்டும். சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கி நாலு கொண்டுபோனால் தொப்பி, துண்டு, கைப்பை மாட்ட இடம் கிடைக்கும். ஈரத் துணியை பால்கனியில் போடாதீர்கள், கடலுக்குப் போய்விடும்.

8. சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். நம் நாட்டுக் கப்பல்களில் சைவமும், வெங்காயம் பூண்டு இல்லாத ஜைனச் சமையலும் உண்டு. வெளிச் சாப்பாட்டை உள்ளே விடாதது வழக்கம் என்பதால் புளியோதரைத் தூக்கை வீட்டில் வைத்துவிடுங்கள். துறைமுகத்தில் அதைக் குப்பையில் போடச் சொன்னால் கட்டிக் கொடுத்தவர் மனம் நோகும்.

9. 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை ‘எம்ப்ரஸ்’ கப்பல் போனது. அப்படி இலங்கைக்குப் போகிறவர்கள் பாஸ்போர்ட் காலாவதிக்கு ஆறு மாதமாவது பாக்கி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விசா விதி மாறிக்கொண்டே இருக்கும், முன்பதிவின்போதே கேளுங்கள். ஆண்கள் ஒரு வேட்டியும் துண்டும் கட்டாயம் வைக்க வேண்டும். காங்கேசன்துறையில் இறங்கிப் போகும் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் மேல்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக முடியும். அரைக்கால் சட்டையோடு கரையிறங்கினால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். திருகோணமலையில் கோணேசர் கோயில் பாறைமேல் இருக்கிறது. அங்கே ஏறி இறங்க வசதியான, சட்டென்று கழற்றி மாட்டக்கூடிய செருப்பு நல்லது. உள்நாட்டுப் பயணமென்றாலும் அடையாள அட்டையின் அசல் வேண்டும், குழந்தைகளுக்கும் சேர்த்து.

10. கரை மறைந்த சிறிது நேரத்தில் செல்போன் சிக்னல் போய்விடும். போனை ஏரோப்ளேன் மோடில் போடாவிட்டால் கப்பலின் செயற்கைக்கோள் வலையில் ஒட்டிக்கொண்டு பெரிய பில் வரும். டிக்கெட், காப்பீடு, நெருங்கியவர்களின் எண்கள் எல்லாவற்றையும் காகிதத்தில் அச்செடுத்துக் கைப்பையில் வையுங்கள்.

11. கிளம்பும் நாள். அடையாறிலிருந்து சாந்தோம், காமராஜர் சாலை வழியாக ராஜாஜி சாலை போவது ஞாயிற்றுக்கிழமை காலையில் சுலபம், வேலை நாளில் அப்படியில்லை. வரிசையில் வெயில் தாங்க ஒரு பாட்டில் தண்ணீர் எடுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: டிக்கெட்டில் போட்டிருப்பது கப்பல் புறப்படும் நேரம். ஏறும் வாயிலை அதற்கு வெகுநேரம் முன்பே மூடிவிடுவார்கள்.