பொருத்தமான இயந்திரத்தைத் தெரிவு செய்தல்
(விடய ஆய்வு: பைபர் லேசர் பொறிப்பு இயந்திரம்)



வணிகக் கல்வியும் கணக்கீடும் பாடத்தில் நடைமுறையல்லாச் சொத்து, பெறுமானத்தேய்வு, நிலையான கிரயம், மாறும் கிரயம் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கற்றிருப்பீர்கள். ஒரு சிறு வணிகர் இயந்திரம் ஒன்றை வாங்கும்போது இவை யாவும் ஒரே நாளில் அவர் முன்னால் வந்து நிற்கின்றன. அவற்றை ஒன்றாக இணைத்துப் பார்ப்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவரின் தமையனார் எவர்சில்வர்ப் பாத்திரங்களில் பெயர் பொறித்துக் கொடுக்கும் கடை ஒன்றைத் தொடங்க விரும்பினார். திருமணத்துக்கும் பூப்புனித நீராட்டு விழாவுக்கும் கொடுக்கும் பாத்திரங்களிலும், கோயிலுக்கு உபயமாகக் கொடுக்கும் குடம், தட்டு, விளக்கு ஆகியவற்றிலும் பெயர் பொறிப்பது எம்மவரின் வழக்கம். ஆகவே தொழில் நல்ல தொழில்தான். தாயாரின் நகைகளை அடைவு வைத்து ஒரு லேசர் இயந்திரத்தை வாங்கினார். விலை மலிவு, பலகையில் அழகாகப் பொறித்தது. ஆனால் எவர்சில்வர்ச் செம்பில் ஓர் எழுத்தும் விழவில்லை. இயந்திரத்தில் எந்தப் பழுதும் இருக்கவில்லை. அது அந்த வேலைக்கு உரிய இயந்திரமல்ல, அவ்வளவுதான்.

அவர் விலையைக் கேட்டார், வலுவைக் கேட்டார். "எந்தப் பொருளில் பொறிக்கும்?" என்பதை மட்டும் கேட்கவில்லை. மாணவர்களும் பரீட்சையில் இதே தவறைச் செய்கிறார்கள். வினாவைக் கண்டதும் கணிப்பைத் தொடங்கிவிடுகிறார்கள். சரியான ஒழுங்கு பின்வருமாறு:

தேவை → தொழினுட்பப் பொருத்தம் → முழுக் கிரயம் → இலாப நட்டமற்ற அளவு → பாதுகாப்பும் பிற்சேவையும் → தீர்மானம்

1. தேவையை இனங்காணல்

இயந்திரத்தைப் பார்க்க முன்னர் பின்வரும் நான்கு வினாக்களுக்கும் விடை எழுதிக்கொள்ள வேண்டும்.

(அ) எந்தப் பொருளில் பொறிக்கப் போகிறோம்? உலோகமா, பலகையா, கண்ணாடியா?
(ஆ) பொருளின் அளவும் வடிவமும் யாவை? தட்டையான தகடா, வளைந்த குடமா?
(இ) ஒரு நாளைக்கு எத்தனை வேலைகள் வரும்? ஆடி, மார்கழி மாதங்களில் திருமணங்கள் குறைவு என்பதையும் நினைவிற் கொள்க.
(ஈ) வாடிக்கையாளர் எதற்காகப் பணம் கொடுப்பார்? அழியாத எழுத்துக்கா, வண்ண அலங்காரத்துக்கா?

2. தொழினுட்பப் பொருத்தம்

சிறு கடைகளில் பெரும்பாலும் காணப்படும் லேசர் இயந்திரங்களில் இரு வகைகளை ஒப்பிடுவோம்.

காபனீரொட்சைட்டு லேசர்: இதன் அலைநீளம் ஏறத்தாழ 10,600 நனோமீற்றர். பலகை, தோல், அக்கிரிலிக், கண்ணாடி ஆகியவை இக்கதிரை நன்கு உறிஞ்சும். பளபளப்பான உலோகம் இதன் பெரும்பகுதியைத் தெறிக்கச் செய்துவிடும். மேலே கூறிய தமையனார் வாங்கியது இவ்வகையே.

பைபர் லேசர்: இதன் அலைநீளம் ஏறத்தாழ 1,064 நனோமீற்றர். கதிர் மெல்லிய கண்ணாடி இழை ஒன்றினுள் உண்டாக்கப்படுவதால் இப்பெயர் பெற்றது. உலோகங்கள் இந்த அலைநீளத்தைக் கூடுதலாக உறிஞ்சுகின்றன. ஆகவே எவர்சில்வர், அலுமினியம், பித்தளை ஆகியவற்றிலும் சிலவகைப் பிளாஸ்ரிக்குகளிலும் பொறிக்கலாம். ஆனால் பலகைக்கும் தெளிவான கண்ணாடிக்கும் இது பொருந்தாது.

எனவே "எது சிறந்த லேசர்?" என்ற வினாவுக்கு விடை இல்லை. "எந்த வேலைக்கு எது?" என்பதே சரியான வினா.

பைபர் லேசரைத் தெரிவு செய்தபின் கவனிக்க வேண்டியவை:

வலு: 20, 30, 50 வாற்று இயந்திரங்கள் சிறு வணிகங்களில் பயன்படுகின்றன. பாத்திரத்தின் மேற்பரப்பில் பெயர் பொறிப்பதற்கு 20 வாற்று போதுமானது. ஆழமாகச் செதுக்க வேண்டுமாயின், அல்லது வேலை விரைவாக முடிய வேண்டுமாயின் கூடிய வலு உதவும். 20 வாற்று என்பது வெளிவரும் கதிரின் வலுவாகும். கணினியுடன் சேர்த்து முழு இயந்திரமும் எடுக்கும் மின்வலு இதனிலும் பல மடங்கு அதிகம். மின்கட்டணத்தைக் கணிக்கும்போது இதை மறவாதீர்கள்.

வில்லை: பொறிக்கக்கூடிய பரப்பை வில்லை தீர்மானிக்கிறது. 110 × 110 மில்லிமீற்றர் பரப்புக்குரிய வில்லை பரவலாகப் பயன்படுகிறது. பெரிய பரப்புக்குரிய வில்லையைப் பூட்டினால் கதிர் குவியும் புள்ளியும் பெரிதாகும். ஓரிடத்தில் விழும் செறிவு குறையும். "பெரிய பரப்பு" என்ற விளம்பரத்தைக் கண்டு மயங்கக்கூடாது.

உயரம்: பொறிக்கும் தலையை எவ்வளவு உயர்த்தலாம் என்று பார்க்க வேண்டும். குடம் கீழே நிற்காவிட்டால் குடத்தில் பொறிக்க முடியாது. சுற்றிவர எழுதுவதற்குப் பொருளைச் சுழற்றும் துணைக்கருவியும் தேவைப்படும்.

துடிப்பு: சாதாரண வகையில் லேசர்த் துடிப்பின் நீளத்தை மாற்ற இயலாது. "மோப்பா" எனப்படும் வகையில் அதனை மாற்றலாம். அதனால் எவர்சில்வரில் வண்ணங்களையும், அனோடைஸ் செய்த அலுமினியத்தில் நல்ல கறுப்பையும் பெறலாம். விலை கூடுதலாகும். ஆனால் எவர்சில்வரில் தோன்றும் வண்ணம் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படையினால் உண்டாவது. நாள்தோறும் தேய்த்துக் கழுவும் பாத்திரத்தில் அது நிலைக்காது. நினைவுப் பரிசுக்கு ஏற்றது. சோற்றுப் பானைக்கு ஏற்றதல்ல.

3. முழுக் கிரயம்

கீழே தரப்படும் தொகைகள் கணிப்பை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை. சந்தை விலைகள் அல்ல.

இயந்திரத்தின் கொள்விலை: ரூபா 850,000
இறக்குமதி வரியும் துறைமுகக் கட்டணமும்: ரூபா 150,000
கடைவரை ஏற்றி இறக்கும் கூலி: ரூபா 20,000
பொருத்துதலும் மின்னிணைப்பும்: ரூபா 40,000
இயந்திரத்துடன் பொருத்திய புகை உறிஞ்சியும் பாதுகாப்பு மூடியும்: ரூபா 40,000
சொத்தின் கிரயம்: ரூபா 1,100,000

விலை 850,000, கிரயம் 1,100,000. இடையிலுள்ள ரூபா 250,000 ஐ எதிர்பாராமல் கடன் எடுத்தவர், இயந்திரம் துறைமுகத்தில் கிடக்க மேலும் கடன் தேடி அலைய நேரிடும்.

கவனிக்க: இயந்திரத்தை இயக்கப் பழகுவதற்குக் கொடுத்த பயிற்சிக் கட்டணம் ரூபா 15,000 சொத்தின் கிரயத்தில் சேராது. அது அவ்வாண்டின் செலவாகும். பரீட்சையில் மாணவர்கள் அடிக்கடி புள்ளிகளை இழக்கும் இடம் இது.

பயன்தரு ஆயுட்காலம் 5 ஆண்டுகள், இறுதிப் பெறுமதி ரூபா 100,000 எனின், நேர்கோட்டு முறையில்:

ஆண்டுப் பெறுமானத்தேய்வு = (1,100,000 − 100,000) ÷ 5 = ரூபா 200,000

4. இலாப நட்டமற்ற அளவு

ஆண்டுக்கான நிலையான கிரயம்:

பெறுமானத்தேய்வு: ரூபா 200,000
கடை வாடகை: ரூபா 180,000
கடன் வட்டி: ரூபா 60,000
பராமரிப்பு: ரூபா 40,000
மொத்தம்: ரூபா 480,000

(பயிற்சிக் கட்டணம் முதலாம் ஆண்டுக்கு மட்டும் உரியதாகையால் இங்கு சேர்க்கப்படவில்லை.)

ஒரு பாத்திரத்துக்கு அறவிடும் கட்டணம் ரூபா 150. மின்சாரம், துப்புரவுப் பொருட்கள், பழுதாகும் பாத்திரங்கள் முதலிய மாறும் கிரயம் ரூபா 30. ஆகவே அலகொன்றின் பங்களிப்பு ரூபா 120.

இலாப நட்டமற்ற அளவு = 480,000 ÷ 120 = 4,000 பாத்திரங்கள்

ஆண்டுக்கு 300 வேலை நாட்கள் எனின் நாளொன்றுக்கு 14 பாத்திரங்கள் வரை பொறிக்க வேண்டும். மாணவர்கள் இந்த விடையுடன் நின்றுவிடுவார்கள். ஆனால் மேலேயுள்ள நிலையான கிரயத்தில் உரிமையாளரின் உழைப்புக்கு ஒரு சதமேனும் இல்லை. நாள்தோறும் 14 பாத்திரங்கள் பொறித்தால் அவர் வாடகையும் வட்டியும் கட்டுவார்; வீட்டுக்கு அரிசி வாங்க எதுவும் மிஞ்சாது.

மாதம் ரூபா 40,000, அதாவது ஆண்டுக்கு ரூபா 480,000 அவருக்குத் தேவை எனின்:

(480,000 + 480,000) ÷ 120 = 8,000 பாத்திரங்கள்

இது நாளொன்றுக்கு ஏறத்தாழ 27. இயந்திரம் ஒரு பெயரைச் சிறிது நேரத்தில் பொறித்துவிடும். ஆனால் பெயரைத் தட்டச்சுச் செய்து, எழுத்துப்பிழை பார்த்து, பாத்திரத்தைச் சரியாக வைத்து, துடைத்துக் கொடுக்கவும் நேரம் வேண்டும். அத்தோடு 27 பாத்திரங்கள் அவ்வூரில் நாள்தோறும் வருமா? இந்த வினாவுக்குப் பாத்திரக் கடைகளில் விசாரித்தே விடை காணலாம்.

5. இரு இயந்திரங்களை ஒப்பிடல்

மோப்பா வகை இயந்திரத்தின் கிரயம் ரூபா 1,600,000 எனவும், ஆயுட்காலமும் இறுதிப் பெறுமதியும் முன்போலவே எனவும் கொள்வோம். பெறுமானத்தேய்வு ரூபா 300,000. வட்டி ரூபா 80,000. வாடகையும் பராமரிப்பும் மாறவில்லை. ஆகவே நிலையான கிரயம் ரூபா 600,000. இலாப நட்டமற்ற அளவு 600,000 ÷ 120 = 5,000.

ஆண்டுக்கு மேலதிக நிலையான கிரயம் ரூபா 120,000. ஒரு வேலையை வண்ணத்தில் செய்வதால் மேலதிகமாக ரூபா 100 பங்களிப்புக் கிடைக்குமாயின், 1,200 வண்ண வேலைகள் தேவை. அதாவது நாளொன்றுக்கு 4. "நாளுக்கு நான்கு பேர் வண்ணம் கேட்பார்களா?" ஆம் எனின் இரண்டாவது இயந்திரம் பொருத்தம். இல்லையெனின் அந்த மேலதிகப் பணம் வீணானது. சமையற் பாத்திரங்களே பெரும்பாலும் வரும் கடைக்கு முதலாவது இயந்திரமே போதும்.

6. பாதுகாப்பு

இவ்வியந்திரத்தின் கதிர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் கண் இமைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளவும் மாட்டாது. கதிர் கண்வில்லையினூடாகச் சென்று விழித்திரையிற் குவிந்து நிரந்தரப் பாதிப்பை ஏற்படுத்தக்கூடும். பளபளப்பான பாத்திரத்தில் பட்டுத் தெறிக்கும் கதிரும் ஆபத்தானது. ஆகவே 1,064 நனோமீற்றருக்கு உரியது எனக் குறிக்கப்பட்ட பாதுகாப்புக் கண்ணாடியே அணிய வேண்டும். வெயிற் கண்ணாடி பயன்படாது. வாடிக்கையாளரும் அவருடன் வரும் சிறுபிள்ளைகளும் நிற்கும் கடையில் மூடியுள்ள இயந்திரமே உகந்தது. பீ.வீ.சீ. பிளாஸ்ரிக்கில் ஒருபோதும் பொறிக்கக்கூடாது. குளோரீன் கலந்த நச்சுப்புகை வெளிவரும். பாதுகாப்புச் சாதனங்களின் செலவைக் குறைத்து இலாபம் காட்டும் விடை சரியான விடை அல்ல.

7. விற்பனையாளரும் பிற்சேவையும்

(அ) பணம் செலுத்த முன்னர் உங்கள் சொந்தப் பாத்திரம் ஒன்றைக் கொண்டுசென்று பொறித்துப் பார்க்க வேண்டும்.
(ஆ) உத்தரவாதம் எதற்கு, எவ்வளவு காலத்துக்கு என்பதை எழுத்தில் பெறவேண்டும். லேசர் மூலத்துக்கு ஒரு காலமும் ஏனைய பகுதிகளுக்கு வேறொரு காலமும் இருக்கலாம்.
(இ) மென்பொருள் உரிய அனுமதியுடையதா, தமிழ் எழுத்துகளைப் பிழையின்றிப் பொறிக்கிறதா எனப் பார்க்கவேண்டும்.
(ஈ) பழுதானால் திருத்துபவர் யார், உதிரிப்பாகம் எங்கிருந்து வரும் என அறிய வேண்டும்.

வணிகச் சூழலின் தாக்கத்தையும் இங்கு குறிப்பிடலாம். 2022 ஆம் ஆண்டில் ஒரு சில மாதங்களுக்குள் அமெரிக்க டொலர் ஒன்றின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை உயர்ந்தது. அதே ஆண்டில் நீண்ட நேர மின்வெட்டும் நிலவியது. இறக்குமதி உதிரிப்பாகத்திலும் மின்சாரத்திலும் தங்கியுள்ள தொழிலை இவை எவ்வாறு பாதித்திருக்கும் என்பதைச் சிந்தியுங்கள்.

8. விடை எழுதும் முறை

"பொருத்தமான இயந்திரத்தைத் தெரிவு செய்க" என வினவப்பட்டால் தீர்மானத்தை ஒரு வாக்கியத்திலும் காரணங்களைத் தனித்தனியாகவும் எழுதுங்கள். ஒவ்வொரு காரணமும் வினாவில் தரப்பட்ட ஒரு தரவைச் சுட்ட வேண்டும். "மலிவானது", "நவீனமானது" என்பவை காரணங்கள் ஆகா.

பயிற்சி வினா

பொறிப்பு இயந்திரம் ஒன்றின் கொள்விலை ரூபா 600,000. இறக்குமதி வரி ரூபா 90,000. போக்குவரத்து ரூபா 10,000. பொருத்துதல் ரூபா 20,000. பயிற்சிக் கட்டணம் ரூபா 12,000. ஆயுட்காலம் 5 ஆண்டுகள். இறுதிப் பெறுமதி ரூபா 70,000.

(1) சொத்தின் கிரயம் யாது?
(2) ஆண்டுப் பெறுமானத்தேய்வு யாது?
(3) ஏனைய நிலையான கிரயங்கள் ஆண்டுக்கு ரூபா 200,000. கட்டணம் ரூபா 200. மாறும் கிரயம் ரூபா 50 எனின் இலாப நட்டமற்ற அளவு யாது?
(4) உரிமையாளருக்கு ஆண்டுக்கு ரூபா 360,000 தேவை எனின் எத்தனை வேலைகள் செய்ய வேண்டும்?
(5) இயந்திரத்தை வாங்க முன்னர் அவர் கேட்க வேண்டிய முதலாவது வினா யாது? காரணம் தருக.

விடைகள்: (1) ரூபா 720,000 (2) ரூபா 130,000 (3) 2,200 (4) 4,600

ஐந்தாம் வினாவுக்கு விடையை நீங்களே எழுதுங்கள். அந்தத் தமையனார் இன்று அதே இயந்திரத்தில் பலகையில் பெயர்ப்பலகைகளும் சாவிக் கோர்வைகளும் செய்து கடனை அடைத்துக்கொண்டிருக்கிறார். நகைகள் இன்னமும் மீளவில்லை. கடையில் ஒரு நிமிடத்தில் கேட்டிருக்கக்கூடிய வினா அது.